பின்னால் சொன்ன பதினொரு பேர்

1. மூணு மாசந்தானுங்க

நான் அந்த மலைப் பள்ளியில் தலைமையாசிரியையாகச் சேர்ந்த அன்றே, அங்கிருந்த இன்னொரு ஆசிரியருக்கு வேறொரு பள்ளிக்கு மாற்றுப்பணி ஆணை வந்துவிட்டது. அது ஈராசிரியர் பள்ளி. அவர் சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்தார்.

"மூணு மாசந்தானுங்க டீச்சர். அங்க ஆள் போட்டதும் திரும்பி வந்துருவேன்" என்றார்.

நான் அங்கே வேலை பார்த்த மூன்று ஆண்டும் அவர் வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆணை அப்படி.

ஏற்காடு மலையில் செம்மநத்தம் தாண்டி பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் பள்ளி. இரண்டு அறை, ஒரு சமையல்கூடம், ஒரு கொடிக்கம்பம். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்பும் சேர்த்து பதினொரு பிள்ளைகள்.

நான் சேலத்துக்காரி. கணவர் தவறி அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஒரே மகள், கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள். ஏற்காடு டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் பஸ் கண்டக்டர் "வாங்க டீச்சர்" என்பார். அதற்கப்புறம் மாலை வரை என்னோடு பேச பெரியவர் என்று ஒருவர் கிடையாது. சமையல் செய்ய வரும் பழனியம்மா மட்டும் உண்டு. காலை உணவும் மதிய உணவும் சமைத்துப் பரிமாறி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, இரண்டு மணிக்கெல்லாம் தன் சாமைக் காட்டுக்குப் போய்விடுவார். நான் என் டிபன் பாக்ஸை மேசைமேல் ரிஜிஸ்டர்களுக்கு நடுவே திறந்து வைத்துத் தனியாகச் சாப்பிடுவேன். தலைமையாசிரியை அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்ட வழக்கம்.

ஒருநாள் பழனியம்மா கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், யாராவது வந்திருக்கறாங்களா?"

"இல்லீங்களே. ரிஜிஸ்டர் எழுதிக்கிட்டிருக்கேன்."

"வாய்விட்டா எழுதறீங்க? பேச்சுச் சத்தம் கேட்டுது."

அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு எழுதப் பழகினேன்.

2. கோரஸ்

ஐந்து வகுப்பையும் ஓர் அறையில் வைத்து ஒரே ஆள் நடத்த வேண்டும். பயிற்சியில் நிறைய செயல்பாடுகள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மணல் தட்டில் விரலால் எழுத்து எழுதுவது, சொல் அட்டைகளைச் சேர்த்து வாக்கியம் அமைப்பது, படத்தைப் பார்த்துக் கதை சொல்வது, சோப்பு உறையிலும் பிஸ்கட் உறையிலும் தெரிந்த எழுத்தைத் தேடி வட்டமிடுவது. எல்லாவற்றுக்கும் சாமான் இருந்தது. அட்டைகளை நானே வெட்டினேன்.

ஆனால் பிள்ளைகள் மணல் தட்டில் குனிந்தால் அறை அமைதியாகிவிடும். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வரும். சில்வர் ஓக் மரத்திலிருந்து நீர் சொட்டுவது கேட்கும். பதினொரு தலைகள் குனிந்திருக்க, நான் மட்டும் நிமிர்ந்து நின்றிருப்பேன். அந்த அமைதி எனக்கு ஆகவில்லை. இருபது நிமிடச் செயல்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்து, "எல்லாரும் புத்தகத்த எடுங்க" என்பேன்.

நான் ஒரு வரி சொல்வேன். பதினொரு பேரும் பின்னால் சொல்வார்கள். நாங்கள் அதைக் கோரஸ் என்போம். ஓட்டுக் கூரை அதிர்கிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் எனக்குத் தனியாக இருக்கிற நினைப்பே வராது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்: பாதிக் கோரஸ் பிள்ளைகளுக்காக நடந்தது, பாதி எனக்காக நடந்தது.

அதில் மற்ற எல்லாக் குரலையும் தாண்டி ஒரு குரல் கேட்கும். மூன்றாம் வகுப்பு காவ்யாவின் குரல். கணீரென்று இருக்கும். நான் எங்கே ஏற்றுகிறேனோ அங்கே ஏற்றுவாள், எங்கே இழுக்கிறேனோ அங்கே இழுப்பாள். நான் சொல்லி முடிக்குமுன்பே சில வரிகளை அவள் ஆரம்பித்துவிடுவாள்.

இரண்டாம் ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளியைப் பார்க்க வந்தார். "யாராவது ஒரு பாடம் படிங்க" என்றார். காவ்யா எழுந்து புத்தகத்தைப் பிரித்து, குளத்துக்கு வந்த கொக்கின் கதையைப் படித்தாள். கொக்கு பேசும் இடத்தில் குரலை மாற்றினாள். அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், இப்படி ஒரு பிள்ளைய வெச்சுக்கிட்டு எங்ககிட்டச் சொல்லாம இருக்கீங்களே. ஜனவரில வாசிப்புப் போட்டி வருது. பாப்பாவ அனுப்பி வைங்க."

பிள்ளைகளின் வாசிப்பை மூன்று நிலையாகப் பிரித்துப் போனில் பதிய வேண்டும். எழுத்துப் பழகும் நிலை என்றால் அரும்பு, சொல் வரை தெரிந்தால் மொட்டு, வாக்கியமாகப் படித்தால் மலர். அன்று மாலையே காவ்யாவுக்கு மலர் என்று பதிந்தேன். அந்த ஆண்டில் யாராவது என்னைப் பாராட்டியது அந்த ஒரு நாள்தான்.

3. புதுச் சீட்டு

போட்டி ஏற்காட்டில் ஒரு பள்ளியின் ஹாலில் நடந்தது. காவ்யாவின் அம்மா சின்னப்பொண்ணு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். கணக்கெழுதும் ரைட்டரிடம் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்திருந்தார். மகளுக்குத் தலைவாரி, நீல ரிப்பன் கட்டி விட்டிருந்தார்.

போட்டியில் பாடப்புத்தகம் கிடையாது. மேடை ஏறியதும் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். இதுவரை பார்த்திராத ஒரு சின்னக் கதை அதில் இருக்கும். காவ்யாவுக்கு எறும்பைப் பற்றிய கதை கிடைத்தது.

அவள் சீட்டைக் கையில் வாங்கினாள். சீட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். நான் சிரித்துத் தலையாட்டினேன். அவள் பார்வை நகரவில்லை. பிறகு, அதே கணீர்க் குரலில், குளத்துக்கு வந்த கொக்கின் கதையை ஆரம்பித்தாள்.

நடுவராக இருந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "சாமி, சீட்டுல இருக்கறதப் படி."

காவ்யா சீட்டைத் திருப்பிப் பிடித்தாள். மறுபடியும் கொக்கு. முன்வரிசையில் சில பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போனது. அவள் நிறுத்திவிட்டாள். அப்போதும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். நான் எப்போது வாயைத் திறப்பேன், முதல் சொல்லை எப்போது கொடுப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைக்கு ஓர் எழுத்துகூடச் சரியாகத் தெரியாது. அவளுக்கு என் குரல் மட்டுந்தான் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். சின்னப்பொண்ணு என்னிடம், "கூட்டத்தப் பாத்துப் பயந்துட்டாளாட்டம் இருக்குதுங்க டீச்சர்" என்றார்.

"ஆமாங்க. பயந்துட்டா" என்றேன்.

தெரிந்தே சொன்ன பொய்.

மறுநாள் காவ்யா வரவில்லை. நான் மற்ற பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஆறு பேர் புத்தகத்தைத் திருப்பிச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு பேர் தலைகீழாகவே வைத்துக்கொண்டு தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போனார்கள்.

மதியம் எனக்கு மேசையில் உட்கார முடியவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சமையல்கூடத்துக்குப் போனேன். பழனியம்மா பலகையைத் தள்ளிப் போட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமுங்க டீச்சர்" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"வாசல் போர்டுல தெனமும் நாந்தான எழுதறேன், இன்னிக்குப் பொங்கல், கிச்சடின்னு. தெரிஞ்ச பிள்ளைக பாத்துட்டுப் போயிரும். இவ போர்டுக்கு முன்னாடியே நின்னுக்கிட்டு, 'இன்னிக்கு என்னாங்க அத்தை'ன்னு எங்கிட்டக் கேப்பா. ஒரு வருசமாக் கேக்கறா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பழனியம்மா."

அவர் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்கதான் உள்ளயே உக்காந்துக்கிறீங்களே. நான் எங்க வந்து சொல்றது?"

4. காப்பிக் களத்தில்

நான்காவது நாளும் காவ்யா வராததால், பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். அவள் அப்பா மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தார். தாயும் மகளும் களத்தில் காய்ந்த காப்பிக் கொட்டையைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் காவ்யா சாக்குகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"வர மாட்டேங்கறாளுங்க" என்றார் சின்னப்பொண்ணு. "எல்லாரும் சிரிச்சாங்கன்னு ஒரே அழுகை. மாடு மேய்க்கறேங்கறா. நானும் படிக்காதவ, என்னத்தச் சொல்றதுங்க."

"அன்னிக்குப் பஸ்ல நான் சொன்னது பொய்ங்க" என்றேன். "அவ பயப்படல. அவளுக்குப் படிக்கத் தெரியல. நான் சரியாச் சொல்லிக் குடுக்கல."

சின்னப்பொண்ணு கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணு வருசமுங்க டீச்சர்" என்றார். "மூணு வருசமா அவ ஊட்ல சாயங்காலம் புஸ்தகத்த வெச்சுப் படிப்பா. நான் அடுப்புகிட்ட உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன். எம்பிள்ள படிக்குதுன்னு."

சாக்குகளுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"கண்ணு, தப்பு உம்மேல இல்ல."

சாக்குகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நீங்க முன்னாடி சொன்னா எனக்கு வருமுங்க டீச்சர். சீட்டப் பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க."

"நாளையிலிருந்து மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நீ வா. நீயும் நானும் மட்டும். உனக்கு வரலேன்னா யாருக்கும் கேக்காது."

"யாரும் இருக்க மாட்டாங்களா?"

"யாரும் இருக்க மாட்டாங்க."

அதற்காக முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் பனியில் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். ரிப்பன் இல்லை.

5. ஊடு

முதல் வாரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வ எழுத்தைக் காட்ட வீட்டுப் படம் போட்ட அட்டையைக் காட்டுவேன். "இது என்ன கண்ணு?" "ஊடு." "முதல்ல என்ன எழுத்து வருது?" "ஊ." நான் "இல்ல, வீ" என்பேன். அவள் தலையாட்டிவிட்டு, அடுத்த நாள் அதே படத்துக்கு "ஊ" என்பாள்.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது உறைத்தது. அவள் சரியாகத்தான் சொல்கிறாள். அவள் வாயில் அது ஊடு. ஊடு என்று சொன்னால் முதலில் வருவது ஊதான். வாயில் ஒன்றும் அட்டையில் ஒன்றுமாக நான்தான் காட்டிக்கொண்டிருந்தேன். படமும் எழுத்தும் ஒட்டாமல் போனதும் அவள் எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் வாயைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். அதுவும் புத்தியுள்ள பிள்ளை செய்கிற காரியந்தான்.

அதிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டேன். "நேத்து என்ன நடந்துச்சு, சொல்லு" என்பேன். அவள் சொல்வதை அவள் சொன்னபடியே பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதுவேன். "எங்கப்பா மொளகு பறிக்கப் போயிருக்குது. ஊட்ல நானும் அம்மாவும்." அதை அவள் விரல் வைத்துப் படிப்பாள். அது அவள் சொன்ன பேச்சு என்பதால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். தெரிவதால் எழுத்தோடு ஒத்துப் பார்க்க முடியும். அது வந்த பிறகுதான் 'ஊடு' பக்கத்தில் 'வீடு' என்றும், 'மொளகு' பக்கத்தில் 'மிளகு' என்றும் எழுதி, "புத்தகத்துல இப்படி எழுதுவாங்க கண்ணு" என்று காட்டினேன்.

"அவங்க ஊட்ல இப்படித்தான் பேசுவாங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

மற்ற நால்வருக்கும் அதே முறை. கோரஸை நிறுத்தினேன். ஒரு பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போது மற்றவர்கள் மணல் தட்டிலும் சொல் அட்டையிலும் இருப்பார்கள். அறை மறுபடி அமைதியானது. ஒரு பிள்ளையின் தடுமாறும் குரல், ஜன்னலுக்கு வெளியே சொட்டும் நீர், அவ்வளவுதான். அந்த அமைதியைப் பொறுத்துக்கொள்வதுதான் அந்த ஆண்டு எனக்கு இருந்த கடினமான வேலை. மதியச் சாப்பாட்டை மட்டும் சமையல்கூடத்துக்கு மாற்றிக்கொண்டேன். நானும் பழனியம்மாவும் அதிகம் பேசியதில்லை. அவர் சாமைக் காட்டில் பன்றி புகுந்ததைச் சொல்வார். நான் கேட்டுக்கொள்வேன்.

அலுவலருக்குப் போன் செய்து காவ்யாவுக்கு மலர் என்று போட்டதை அரும்பு என்று மாற்ற வேண்டும் என்றேன்.

"எதுக்குங்க டீச்சர்? ஒரு பிள்ளதான. அடுத்த டேர்ம்ல தன்னால சரியாயிரும். நீங்களா இறக்கிப் போட்டா ஏன் இறங்குச்சுன்னு மேல கேப்பாங்க."

"கேட்டா நான் பதில் சொல்றேங்க சார்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். காவ்யாவோடு அந்த நால்வரையும் சேர்த்து ஐந்து பிள்ளைகளின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கும் பதில் எழுதினேன். வேறொன்றும் நடக்கவில்லை.

6. விண்ணப்பம்

காவ்யா நான்காம் வகுப்பு முடிக்கும் சமயம், ஏப்ரல் மாதம். பொது மாறுதல் கலந்தாய்வுக்கு நான் ஆன்லைனில் பதிந்திருந்தேன். அப்போது எனக்கு ஓய்வு பெற இரண்டு ஆண்டுதான் இருந்தது. முழங்கால் வலி இருந்தது. ஆனால் காரணம் அது இல்லை. சனி ஞாயிறு இரண்டு நாளும் டவுன் அறையில் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை கண்டக்டர் "வாங்க டீச்சர்" என்றபோது பதில் சொல்லக் குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. அன்று மாலையே பதிந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடுவதற்காகப் பிரின்ட் எடுத்த தாள் மேசைமேல் இருந்தது. நான் வெளியே குழாயடிக்குப் போய்விட்டுத் திரும்பினேன். காவ்யா மேசை ஓரத்தில் நின்று தாளில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"தற்... போது... தற்போது பணி... புரியும் பள்ளி" என்று மெதுவாகப் படித்தாள். அதற்கு நேரே எங்கள் பள்ளியின் பெயரைப் படித்தாள். அதைத் திக்காமல் படித்தாள். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "செல்ல விரும்பும் பள்ளி." அங்கே சேலத்தில் ஒரு பள்ளியின் பெயர் இருந்தது.

அந்தத் தாளை நான் அவளுக்குப் படித்துக் காட்டியதில்லை. யாரும் அவளுக்கு முன்னால் சொன்னதில்லை. பதினைந்து மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். சந்தோஷப்பட வேண்டிய இடம். நான் கதவருகே கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"செல்லன்னா, செல்லக்குட்டிங்கற செல்லந்தானுங்க டீச்சர்? உங்களுக்கு நொம்பப் புடிச்ச பள்ளிக்கூடமா அது?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவள் அதை நம்பிக்கொண்டு விளையாடப் போயிருப்பாள். ஜூன் மாதம் வேறொரு டீச்சர் வந்து கதவைத் திறந்திருப்பார்.

"இல்ல கண்ணு" என்றேன். "புத்தகத் தமிழ்ல செல்லறதுன்னா போறது. செல்லன்னா போக."

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். உதடு அசைந்தது. போக விரும்பும் பள்ளி.

அப்போது எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் இருந்தது. புதுச் சொல் ஒன்று தெரிந்துகொண்டால், அதை நோட்டில் எழுதி, அதை வைத்துத் தானே ஒரு வாக்கியம் எழுதி, என்னிடம் காட்ட வேண்டும். நான் சொல்லவில்லை, அவளாகத் தன் இடத்துக்குப் போய் நோட்டை எடுத்தாள். வெகுநேரம் குனிந்து எழுதினாள். கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

'செல்ல - போக. டீச்சர் சேலம் செல்ல விரும்புது.'

'விரும்புது' என்பதைத் திருத்தலாமா என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவள் வீட்டில் அப்பாவையும் அப்படித்தான் சொல்வாள். சொல் சரி. பொருளும் சரி. பக்கத்தில் டிக் போட்டு, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

மாறுதல் கிடைத்தது. சேலம் பள்ளியில் ஒன்பது ஆசிரியர்கள். இடைவேளையில் எல்லாரும் ஒன்றாகத்தான் டீ குடிப்போம். அங்கேயே ஓய்வு பெற்றேன்.

தனியாகப் பள்ளி நடத்தப் போகிற இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம். வாரத்துக்கு ஒருமுறையாவது, பிள்ளை முன்னே பின்னே பார்த்திராத ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் தவறை எடுத்துச் சொல்லப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் இல்லையென்றால், சாப்பாட்டை எடுத்துக்கொண்டு சமையல்கூடத்துக்குப் போங்கள். இன்னொன்றும் உண்டு. பிள்ளைக்கு ஒருமுறை எழுத்து வந்துவிட்டால், அது எதைப் படிக்கும் என்று நாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியாது. நம்மைப் பற்றி நாம் எழுதி வைத்திருப்பதையும் அது படிக்கும். படித்துவிட்டு அர்த்தம் கேட்டால், சரியான அர்த்தத்தைச் சொல்லிக் கொடுங்கள்.